முதுகு காட்டி இழுத்த கயிறு

அடிவாரத்திலிருந்து புதூர்நாட்டுக்கு ஏறும் மண்பாதையில் ஒரு திருப்பம் இருந்தது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால், கூலிக்கு ஆளும் மூட்டையும் ஏற்றிப் போகும் கோபால்சாமியின் ஜீப் அந்தத் திருப்பத்தில் நின்றுவிடும். நின்றதும் எல்லோரும் இறங்குவார்கள். பெண்கள் முன்னால் போய்க் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி, மாடு மாதிரி குனிந்து இழுப்பார்கள். ஆண்கள் பின்னால் போய்ச் சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். கல் வைக்க ஒரு ஆள் போதும். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் வைப்பார்கள். ஒருவர் கல்லை எடுப்பார், ஒருவர் அது ஆகாது என்பார், ஒருவர் வேறு கல்லைக் காட்டுவார். மற்றவர்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏன் இப்படி என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். கல் வைக்கத்தான் மூளை வேண்டுமாம். இழுப்பதற்கு என்ன, மாடுகூட இழுக்குமாம்.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. பின்னாலிருந்து "கல்லு!" என்று குரல் வரும்வரை இழுப்பவர்கள் நிற்கக் கூடாது. கல் விழாமல் கயிறு தளர்ந்தால் வண்டி பின்னால் உருண்டுவிடும். பின்னால் பள்ளம். ஆகவே மூச்சு முட்டினாலும், கால் வழுக்கினாலும், "கல்லு" என்ற சொல் காதில் விழாமல் ஒரு பெண்ணும் நிற்க மாட்டாள். நடக்கத் தொடங்குவதற்குக் குரல் கொடுப்பவள் மாதம்மாளின் தங்கை பூங்கோதை. "நட!" என்பாள். அவ்வளவுதான். எட்டு பேரின் காலும் ஒரே நேரத்தில் சேற்றில் ஊன்றும்.

பூங்கோதையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் மாதம்மாள். அஞ்சாவதோடு அக்காளை நிறுத்திவிட்டார்கள். தங்கையை எட்டாவதுவரை படிக்கவைத்தார்கள். எட்டு வருடத்தில் அந்தப் பள்ளிக்கூடம் தங்கைக்கு என்ன சொல்லிக்கொடுத்தது என்பதை மாதம்மாள் ஒன்று விடாமல் கேட்டு வைத்திருந்தாள். வாரத்துக்கு இரண்டு டிரில் பீரியட். பையன்களுக்குப் பந்து. பெண் பிள்ளைகளுக்கு மைதானம். விளையாட அல்ல, கல் பொறுக்க. பையன்கள் விழுந்தால் முட்டி சிராய்க்காமல் இருக்க வேண்டுமே, அதற்காக. புல் முளைத்தால் அதையும் அவர்கள்தான் பிடுங்க வேண்டும். ஆண்டு விழாவில் கோப்பை வாங்கிய பையன் அந்த மைதானத்தில் ஒரு கல்லையும் குனிந்து எடுத்தவன் அல்ல.

"எட்டு வருஷம் டிரில்லு படிச்சேன்க்கா. எந்தக் கல்லு காலைக் கிழிக்கும், எது கிழிக்காதுன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்வேன்" என்பாள் பூங்கோதை. அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். மாதம்மாளுக்குச் சிரிப்பு வந்ததில்லை.

1984ஆம் வருடத்து ஐப்பசியில் கயிறு அறுந்தது. ஏற்கெனவே மூன்று இடத்தில் முடிச்சு போட்டிருந்த கயிறு. பெண்கள் எட்டு பேரும் முகம் குப்புற விழுந்தார்கள். மாதம்மாளுக்கு முன்பல் பாதி போயிற்று. வண்டி பின்னால் உருண்டு பலா மரத்தில் முட்டி நின்றது. கல் வைக்க வேண்டிய மூளைக்காரர்கள் வண்டி உருளும்போது பாதைக்கு இரண்டு பக்கமும் சுத்தமாக விலகி நின்றிருந்தார்கள். அதில் பூங்கோதையின் வீட்டுக்காரன் கோவிந்தனும் ஒருவன்.

"புதுக் கயிறு வாங்குங்கண்ணா" என்று பூங்கோதை கோபால்சாமியிடம் கேட்டாள்.

"வாங்கலாம். வண்டிக் கூலிய ஏத்தறேன், சரியா?" என்றான் அவன். "இன்னும் ரெண்டு முடிச்சு தாங்கும் புள்ள அது."

"அது தாங்கும். எங்கக்கா வாயில இன்னும் ரெண்டு பல்லுதான் தாங்காது."

மார்கழி முடியும்போது கோபால்சாமியே ஒரு சேதி கொண்டுவந்தான். காணும் பொங்கலுக்கு அடிவாரத்து டவுனில் விளையாட்டு விழா. ஆண்களுக்கு ஓட்டம், கபடி, கயிறு இழுக்கும் போட்டி. கயிறு இழுப்பதில் ஜெயிக்கும் அணிக்கு அந்தக் கயிறேதான் பரிசு. இரும்புக்கடைக்காரர் ஒருவர் கொடுத்திருக்கிறார். புத்தம் புது மணிலாக் கயிறு, கை மணிக்கட்டுத் தடிமன்.

"பொம்பளைங்களுக்கு?" என்றாள் பூங்கோதை.

"எலுமிச்சம்பழத்த ஸ்பூன்ல வெச்சிக்கினு நடக்கணும். அப்புறம் கோலம். பரிசு சோப்பு டப்பா."

ஊர் ஆண்கள் போன வருடம் அந்தப் போட்டிக்குப் போனவர்கள்தான். போகும் வழியிலேயே கள்ளுக்கடையில் பலம் ஏற்றிக்கொண்டு போய், முதல் இழுப்பிலேயே கோட்டைத் தாண்டி விழுந்து எழுந்து வந்தவர்கள். இந்த வருடம் போக வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். டவுன்காரர்கள் கயிற்றில் ஏதோ தில்லுமுல்லு செய்கிறார்களாம்.

"அப்ப நாம போவலாம்" என்றாள் பூங்கோதை.

ஆண்கள் சிரித்துக்கொண்டே பீடியைப் பற்றவைத்தார்கள். மாதம்மாள் மட்டும் "எப்ப கெளம்பணும்?" என்று கேட்டாள்.

*

டவுன் மைதானத்தில் பந்தல், மேடை, மைக். மைக் முன்னால் நின்றவர் சிங்காரம். ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில், தலையில் வெள்ளைத் தொப்பி, இரண்டுக்கும் நடுவில் வெற்றிலை போட்ட வாய். தொப்பை அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். எட்டு மலைப் பெண்கள் வரிசையாக வந்து நின்றதைப் பார்த்ததும் அவர் கையால் பந்தலின் ஓரத்தைக் காட்டினார்.

"கோலப் போட்டி அந்தப் பக்கம்மா."

"நாங்க கயிறு இழுக்க வந்திருக்கோம் சார்" என்றாள் பூங்கோதை.

சிங்காரம் சிரித்தார். மேடையில் நாற்காலிகளில் இருந்தவர்களும், என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்கள்.

"அதெல்லாம் பொம்பளைங்க பண்ணக் கூடாதும்மா. ஒடம்பு தாங்காது. சொல்ல வெக்கமா இருக்குது, இருந்தாலும் சொல்றேன், கர்ப்பப்பை எறங்கிடும்."

"எங்க மலையில வருஷா வருஷம் ஜீப்ப இழுக்கறோம் சார். அது எறங்கறதா இருந்தா ஜீப்புல ஏறி எங்களுக்கு முன்னாடியே திருப்பத்தூருக்குப் போயிருக்கும்."

பின்னால் வரிசையில் நின்ற ராணியம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சிங்காரத்தின் முகம் வெற்றிலைச் சாற்றின் நிறத்துக்கு வந்தது. "அப்புறம் பாக்கலாம், போய் ஒக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தார்கள். மதியம்வரை உட்கார்ந்தே இருந்தார்கள். மேடையில் பேச்சு நடந்தது. முந்தின வருடம் வெளிநாட்டில் ஓடி, வினாடியில் நூற்றில் ஒரு பங்கில் பதக்கத்தைத் தவறவிட்ட பெண்ணைப் பற்றி ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். அவள் நாட்டின் மகளாம், நம் வீட்டுப் பெண்ணாம், ஒவ்வொரு தாய்க்குலமும் அவளைப் போல வர வேண்டுமாம். பேசி முடித்ததும் தாய்க்குலத்தை வரிசையாக நிறுத்தி, வாயில் ஸ்பூனைக் கொடுத்து, ஸ்பூனில் எலுமிச்சம்பழத்தை வைத்தார்கள். பழம் விழாமல் மெதுவாக நடந்து வந்த அம்மாள் முதல் பரிசு வாங்கினாள். அவள் பேச்சாளர்களில் ஒருவரின் சம்சாரம். ஓடியவளைப் புகழ்ந்துவிட்டு நடந்தவளுக்குப் பரிசு கொடுக்கிறார்களே என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. மாதம்மாளுக்குத் தோன்றியது. பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லியும்விட்டாள், கொஞ்சம் சத்தமாகவே.

பேப்பருக்குச் சேதி அனுப்பும் தசரதன் அப்போதுதான் அவர்களிடம் வந்தான். டவுனில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். கபடி ஜெயித்தவர்களிடம் அவன் பேசியதை மாதம்மாள் ஏற்கெனவே காது கொடுத்துக் கேட்டிருந்தாள். எத்தனை நாள் பயிற்சி, காலையில் என்ன சாப்பிடுவீர்கள், எடை என்ன, அடுத்து எந்த ஊரில் ஆட்டம் என்றெல்லாம் மரியாதையாகக் கேட்டான். பூங்கோதையிடம் வந்தபோது அவன் கேள்விகள் வேறாக இருந்தன.

"எத்தினி கொழந்தைங்க?"

"ஒண்ணு."

"இன்னிக்கு வூட்ல சமையல் யாரு?"

"யாராவது செஞ்சிக்குவாங்க."

"வூட்டுக்காரரு அனுமதி குடுத்தாரா?"

"நீங்க வர்றதுக்கு உங்க வூட்டுல கேட்டுக்கினு வந்தீங்களா சார்?"

தசரதன் அதை எழுதிக்கொள்ளவில்லை. எல்லோரும் தலையில் ஒரு குடத்தை வைத்துக்கொண்டு நின்றால் படம் நன்றாக வரும் என்றான். குடம் எதற்கு என்று மாதம்மாள் கேட்டாள். மலை ஜனம் என்று தெரிய வேண்டும் அல்லவா என்றான். "மொகத்தப் பாத்தா தெரியாதா? இல்ல, கொடத்தத்தான் போட்டோ புடிப்பியா?" என்றாள் அவள். அவன் போய்விட்டான்.

வெயில் சாயும் நேரத்தில் ஆண்களின் இறுதிப் போட்டி முடிந்தது. அரிசி மில்காரர் மகனின் அணி ஜெயித்தது. கூட்டம் கலையப் பார்த்தது. மேடையில் இருந்த பெரிய மனிதர்களுக்கு இன்னும் காப்பி வந்து சேரவில்லை. கூட்டத்தைப் பிடித்து வைக்க எதையாவது காட்ட வேண்டும். சிங்காரத்துக்கு மலைப் பெண்களின் நினைவு வந்தது.

"அடுத்து ஒரு தமாஷ் நிகழ்ச்சி!" என்று மைக்கில் கூவினார். "மலையிலருந்து வந்திருக்கற நம்ம சகோதரிங்க, ஜெயிச்ச அணியோட கயிறு இழுக்கப் போறாங்க. ஒரே இழுப்பு. யாரும் போவாதீங்க!"

பூங்கோதை நேராக மைக் அருகில் போனாள். "நாங்க ஜெயிச்சா கயிறு எங்களுக்கா சார்?"

அந்தக் கேள்வியும் மைக்கில் கேட்டுவிட்டது. கூட்டம் ஓவென்று சிரித்தது. சிங்காரம் கையை அகல விரித்து, "ஜெயிச்சிட்டா எடுத்துக்கினு போம்மா! யாரு வேணான்னது!" என்றார். அதுவும் எல்லோருக்கும் கேட்டது.

எதிரில் எட்டு ஆண்கள். கடைசியில் மில்காரர் மகன், ஆளில் இரண்டு ஆள் பருமன், கயிற்று நுனியை இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தான். இந்தப் பக்கம் பெண்கள் புடவையை இழுத்துச் செருகினார்கள். பூங்கோதை முதலில், அவளுக்குப் பின்னால் மாதம்மாள். கயிறு கைக்கு வந்ததும் எட்டு பேரும், ஒருவரையொருவர் கேட்காமலேயே, மலையில் செய்வது போலச் செய்தார்கள். எதிரிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் கயிற்றைத் தோளில் போட்டுக் குனிந்தார்கள்.

மைதானம் சிரிப்பில் அதிர்ந்தது. "ஏய், இந்தப் பக்கம் பாருங்கடி!" "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஓடறாளுங்க பாரு!" எதிரில் இருந்த ஆண்களும் சிரித்தார்கள். ஒருவன் ஒரு கையை விட்டுவிட்டு மீசையைத் தடவிக் காட்டினான். சிங்காரம் விசில் ஊதினார்.

"நட!" என்றாள் பூங்கோதை.

அந்த ஆண்களுக்கு என்ன நடந்தது என்று புரிய வெகுநேரம் ஆயிற்று. கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முறைத்து, விட்டு விட்டு வெட்டி இழுப்பார்கள். இவர்கள் வெட்டவில்லை, முறைக்கவில்லை. சும்மா நடந்தார்கள். சேற்றில் வைக்கிற கால் காய்ந்த மண்ணில் ஊன்றியதும் ஆணி அடித்தது போல நின்றது. அடுத்த கால். அடுத்த கால். ஜீப் கனம் எங்கே, காலையிலிருந்து இழுத்துக் களைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும் எட்டு ஆண்களின் கனம் எங்கே!

நடுக்கோடு தாண்டியதும் சிங்காரம் விசில் ஊதினார். முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிற பெண்களுக்குக் கோடு எங்கே தெரியும்? விசில் கேட்டது. ஆனால் விசிலுக்கு நிற்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. கல் வைத்தாயிற்று என்று யாரும் சொல்லவில்லையே! நடுவில் நின்றால் வண்டி உருண்டுவிடும் என்றே கால்களுக்குத் தெரியும். நடந்தார்கள். சிங்காரம் மறுபடி ஊதினார். "நில்லு! ஏய், நில்லுங்கம்மா!" என்று தொப்பையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். பின்னால் ஆண்கள் ஒவ்வொருவராகக் கயிற்றை விட்டார்கள். விட முடியாதவன் ஒருவன்தான். இடுப்பில் முடிச்சுப் போட்டிருந்த மில்காரர் மகன் உட்கார்ந்த வாக்கில், புழுதி பறக்க, கோலப் போட்டியின் கோலங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தான். மேடை அருகே வந்தபோது அவன் "அய்யோ, நிறுத்துங்கடி!" என்று அலறிய அலறலில்தான் பூங்கோதை திரும்பிப் பார்த்தாள்.

"கல்லு!" என்றாள். நின்றார்கள். கயிறு தோளிலேயே இருந்தது.

யாரோ ஒருத்தி கை தட்டினாள். ஸ்பூனில் பழம் வைத்து நடந்த பெண்களில் ஒருத்தி. மில்காரர் மகனை இரண்டு பேர் தூக்கி நிறுத்தி, முடிச்சை அவிழ்த்து, பின்பக்கத்து மண்ணைத் தட்டிவிட்டார்கள். தட்டியவர்களும் அந்தப் பக்கம் பார்க்காமலேயே தட்டினார்கள்.

மேடையில் கூடிப் பேசினார்கள். பிறகு சிங்காரம் மைக்குக்கு வந்தார். மூச்சு இன்னும் திரும்பவில்லை.

"செல்லாது. முதுகு காட்டினது தப்பு. தோள்ல போட்டது தப்பு. விசில் ஊதியும் நிக்காதது தப்பு. ரூல்ஸ் படி கயிறு ஆண்கள் அணிக்குத்தான். நம்ம சகோதரிங்க எட்டு பேருக்கும் ஆறுதல் பரிசா ஆளுக்கு ஒரு சோப்பு டப்பா."

"இந்த ரூல்ஸ முன்னாடியே சொல்லலியே சார்?" என்று கீழேயிருந்து கேட்டாள் பூங்கோதை.

"பொம்பளைங்களுக்கு இந்தப் போட்டியே கெடையாது. அப்புறம் எங்கம்மா ரூல்ஸு?"

"அப்ப ரூலே இல்லாத எடத்துல நாங்க எதத் தப்பு பண்ணோம்?"

சிங்காரம் மேடையைப் பார்த்தார். மேடை காப்பியைப் பார்த்தது. அதற்குள் காப்பி வந்துவிட்டிருந்தது.

"எடுத்துக்கினு போம்மான்னு இதே மைக்குலதான சொன்னீங்க?"

"அது தமாஷுக்குச் சொன்னதும்மா!"

மாதம்மாள் தங்கையின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்வையில் முடி ஒட்டியிருந்தது. தோளில் கயிறு அழுந்திய இடம் ரவிக்கைக்கு வெளியே சிவந்திருந்தது. அடுத்த ஐப்பசி, நாலாவது முடிச்சும் விழுந்த பழைய கயிறு, பலா மரம் எல்லாம் மாதம்மாளுக்கு ஒரு கணம் வந்துபோயின. இவள் இப்போது அழுதால் நான் இந்த மேடையைப் பிரித்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டாள்.

பூங்கோதை அழவில்லை. மேடைக்கும் முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"நட!" என்றாள்.

எட்டு பேரும் நடந்தார்கள். கயிறு தோளில் இருந்தது. அதன் மறுமுனை புழுதியில் பாம்பு போல இழுபட்டு, ஜெயித்த அணியின் கால்களுக்கு நடுவே போயிற்று. கபடி ஜெயித்தவர்களின் முன்னால் போயிற்று. மேடைக்கு முன்னால் போயிற்று. பிடுங்க வேண்டும் என்றால் குனிந்து அந்த முனையைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்தால் என்ன ஆகும் என்று இப்போதுதான் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அத்தனை மீசையில் ஒரு மீசையும் குனியவில்லை. சிங்காரம் மட்டும் விசில் ஊதினார். அது அவருடைய கடமை. பெண்கள் பந்தலைக் கடந்து, வாசலைக் கடந்து, புளிமூட்டை ஏற்றும் இடத்தில் நின்ற கோபால்சாமியின் ஜீப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சோப்பு டப்பாக்கள் மேடையிலேயே இருந்துவிட்டன.

*

கோபால்சாமி பயந்துபோனான். இரண்டு நாள் அதே பேச்சு. "பொதுச் சொத்தம்மா அது. போலீசு வந்தா மொதல்ல என் வண்டியத்தான் புடிப்பான்" என்று புலம்பினான். கோவிந்தனும் மற்ற ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். பெண்கள் இப்படி ஊர் மானத்தை வாங்கலாமா, நம்மைக் கேட்டிருந்தால் முறைப்படி பேசி வாங்கித் தந்திருப்போமே என்றார்கள். முறைப்படி பேசுகிறவர்கள் அன்று எங்கே இருந்தார்கள் என்று மாதம்மாள் கேட்டாள்.

மூன்றாம் நாள் கோபால்சாமி கீழேயிருந்து ஒரு பேப்பரோடு வந்தான். ஜீப்பில் உட்கார்ந்தபடியே உரக்கப் படித்தான். தசரதன் எழுதியிருந்தான். கபடி வீரர்கள் ஏழு பேரின் பெயர், அவர்கள் பயிற்சி செய்த விதம், ஓட்டத்தில் முதலாவதாக வந்தவனின் நேரம். பிறகு பழம் வைத்த ஸ்பூனோடு ஒரு அம்மாளின் படம், அவளுடைய வீட்டுக்காரரின் பெயர். கடைசியில் இரண்டு வரி: 'மலைவாழ் பெண்களின் நகைச்சுவை நிகழ்ச்சி பார்வையாளர்களை மகிழ்வித்தது. கயிறு இழுக்கும் போட்டியில் வென்ற ஆண்கள் அணியினர் புதிய மணிலாக் கயிற்றைப் பரிசாகப் பெற்றுச் சென்றனர்.'

வண்டியின் பின்பக்கம், அந்தக் கயிற்றுச் சுருளின் மேலேதான் அக்காளும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னொரு வாட்டி படிங்கண்ணா" என்றாள் பூங்கோதை. அவன் படித்தான். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மாதம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இன்னாடி சிரிக்கற? நகைச்சுவையாம்! உம்பேரு எங்கடி? இழுத்தவ பேரு இல்ல, இழுபட்டவன் கயிறு வாங்கினு போனானாம். நாளைக்கே கீழ போறேன். அவன் ஸ்டுடியோவுல இருக்கற கண்ணாடி ஒண்ணுகூட முழுசா இருக்காது."

"வுடுக்கா. நம்ம பேரப் போட்டிருந்தா, கயிறு எங்கடின்னு கேட்டுக்கினு போலீசு இங்க வந்திருக்கும். இப்ப பேப்பர்லயே அவுங்ககிட்ட இருக்குதுன்னு போட்டுட்டான். எவன் வந்து தேடுவான்?"

கோபால்சாமிக்கு அப்போதுதான் அது உறைத்தது. பேப்பரைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். உயிர் வந்த முகம்.

மாதம்மாளுக்கு அது போதவில்லை. "வந்தா வரட்டுமே" என்றாள். "மழ புடிச்சா போலீசு ஜீப்பும் அந்தத் திருப்பம் வரைக்கும்தான் ஏறும். அதுக்கு மேல ஏறணும்னா உன்னத்தான் கூப்புடணும்."